தன் கைப்பட

"எழுது ஹெட்விக். 'அந்தப் பதினோரு பேரையும் சுடச் சொன்னவன் நான்தான்.' எழுதிட்டியா?"

ஹெட்விக்கின் பேனா அப்படியே நின்றுவிட்டது. மை சொட்டி நல்ல தாள் ஒன்று பாழானது. காதில் விழுந்தது நிஜந்தானா என்று கணவரை நிமிர்ந்து பார்த்தாள். டிட்லெவ் ஹோல்பெக் ஒரு சர்க்கரைக் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகக் காப்பியை உறிஞ்சினார்.

மன்னரின் பெரிய விருது யாருக்குக் கிடைத்தாலும், அவர் தன் வாழ்க்கையைத் தன் கைப்பட எழுதி அரண்மனைக்கு அனுப்ப வேண்டும். கோபன்ஹேகனில் அது காலங்காலமாக இருந்துவரும் முறை. ஆள் கண்ணை மூடிய பிறகுதான் பிரித்துப் படிப்பார்கள். ஹோல்பெக்குக்கோ போன குளிர்காலத்திலிருந்து கை நடுக்கம். கரண்டியைப் பிடித்தால் பாதி சூப்பு சட்டைக்குத்தான் போகிறது. நல்லவேளையாக, அவர் எழுத்தை அச்சு அசலாக எழுத ஹெட்விக் இருந்தாள். கிறிஸ்துமஸ் கடிதங்கள் அத்தனையும் அவள் எழுதியவை. அவருடைய சொந்தத் தம்பியே ஏமாந்துபோய், அண்ணனுக்குக் கை சரியாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மூன்று நாளாக எழுத்து வேலை சிரிப்பும் பேச்சுமாகப் போய்க்கொண்டிருந்தது. லிஸ்பனில் தூதராக இருந்தபோது போர்ச்சுகல் அமைச்சரிடம் மூன்று வாரம் வேண்டுமென்றே சீட்டாட்டத்தில் தோற்று, அந்தச் சந்தோஷத்திலேயே அவரிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய கதையை அவர் சொன்னபோது, ஹெட்விக்குக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இன்று காலைதான் டென்மார்க் வசமிருந்த மேற்கிந்தியத் தீவில் ஆளுநராக இருந்த காலத்துக்கு வந்தார்கள். வந்ததும் மனிதர் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார்.

முப்பது வருடத்துக்கு முன் நடந்தது. கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் கூட்டமாக ஆளுநர் மாளிகையை நோக்கி வந்தார்கள். கோட்டையிலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. பதினோரு பேர் செத்து விழுந்த பிறகுதான், அவர்களிடம் ஒரு குச்சிகூட இல்லை என்பது தெரிந்தது. கையில் இருந்தது மனு ஒன்றுதான். சனிக்கிழமை விடுமுறை கேட்டு வந்திருந்தார்கள். கோட்டைத் தளபதி மோர்ட்டன் லிண்ட் அவசரப்பட்டுச் சுட்டுவிட்டார் என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள். பதவி பறிபோன லிண்ட், கடைசிவரை வாயைத் திறக்காமலே செத்துப் போனார்.

"இத்தனை வருஷம் கழிச்சு இது எதுக்குங்க?" ஹெட்விக் பேனாவைக் கீழே வைத்தாள். "நம்ம ஆக்செலை அடுத்த மாசம் ஸ்டாக்ஹோமுக்குத் தூதரா அனுப்பப்போறாங்க. அப்பா கொலைகாரர்னு தெரிஞ்சா அவனை யாரு வாசப்படி ஏத்துவா?"

"லிண்டோட பொண்ணு அமைச்சகத்துல மனு குடுத்திருக்கா. ஆளுநர் வீட்டுலேர்ந்து எழுத்து மூலமா உத்தரவு வந்ததாம். அதனாலதான் அவங்கப்பா சுட்டாராம். அவ பொய் சொல்றாளா?"

பாவம் அந்தப் பெண். தளபதியின் மகள் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் எங்கோ ஒரு தையற்கடையில் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாள் என்று ஹெட்விக் கேள்விப்பட்டிருந்தாள்.

"ஆனா அன்னிக்கு நீங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு நான்?"

"ஒண்ணுமில்லை."

"அப்ப எழுது கிழவி. காப்பி ஆறுது."

வேறு வழி தெரியாமல் புதுத் தாள் எடுத்தாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். கூட்டத்தைக் கண்டு பயந்ததாகச் சொன்னார். மாடியில் குழந்தைகள் அழுததாகவும், என்ன ஏது என்று விசாரிக்காமல் நான்கே வரியில் உத்தரவு எழுதிக் கோட்டைக்கு அனுப்பியதாகவும், லிண்ட் மீது விழுந்தது தனக்கு வர வேண்டிய பழி என்றும் சொன்னார். பக்கத்தில் நின்று பார்த்ததைப் போல ஒவ்வொன்றும் அவ்வளவு சரியாக இருந்தது. ஹெட்விக்குக்குக் கண்ணீர் தாளில் விழாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது.

முடித்ததும் ஹோல்பெக் மேசையின் அடி இழுப்பறையைத் திறந்து, பழுப்பேறிய காகிதம் ஒன்றை எடுத்தார். ஹெட்விக் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள். அதே நான்கு வரிகள்.

"அதை எரிச்சுட்டதா சொன்னீங்களே."

"சொன்னேன். கப்பலேறின அன்னிக்கு லிண்ட் என் கையில கொண்டுவந்து குடுத்தான். உங்க வீட்டுக் காகிதம், நீங்களே வெச்சுக்குங்கன்னான். வேற ஒரு வார்த்தை பேசலை."

இரண்டு தாள்களையும் ஜன்னலோரமாக அடுத்தடுத்து வைத்தார். பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வரி வரியாக, எழுத்து எழுத்தாகப் பார்த்தார். கடைசியில் திருப்தியாகத் தலையசைத்து, இரண்டையும் ஒரே உறையில் போட்டு அரக்கை உருக்கி ஊற்றினார். நடுங்கும் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு முத்திரை மோதிரத்தை அழுத்தினார்.

"தீவுல இருந்த டாக்டரோட நாட்குறிப்பும் அமைச்சகத்துக்குப் போயிருக்கு ஹெட்விக். துப்பாக்கி வெடிச்ச அன்னிக்கும் சேர்த்து மூணு நாள் நான் காய்ச்சல்ல நினைவில்லாம கிடந்தேன்னு எழுதியிருக்காராம். அப்படின்னா உத்தரவை எழுதினது யாருன்னு ஒருநாள் தோண்டுவாங்க."

உறையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"தோண்டட்டும். உத்தரவும் வாக்குமூலமும் ஒரே கையெழுத்து. இனிமே உன்னை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."