இந்த வீட்டு எலும்பு

கொட்டகையில் கறவை எந்திரத்தின் சத்தம் ஓய்ந்ததும், கிளெனிஸ் கடைசியாக ஒரு மடக்கை அவசரமாக விழுங்கினாள். மாவுக்கட்டு போடாத கையால் மூடியைத் திருகி, சலவைத்தூள் வாளிக்குப் பின்னால் தள்ளி, மேலே பழைய துண்டு ஒன்றைப் போட்டாள். வாயையும் கொப்பளித்தாள். வாசனை நிற்கக் கூடாது.

ஐம்பத்தெட்டு வயதில் சலவை அறையில் ஒளிந்து குடிக்கும்படி ஆகிவிட்டது. அவளுடைய அத்தை ஒருத்தி ஜின் பாட்டிலை இப்படித்தான் ஒளித்துவைப்பாள். அத்தைக்காவது வீட்டில் கொஞ்சம் அனுதாபம் இருந்தது. கிளெனிஸ் ஒளித்துவைத்திருந்தது சோயாப் பால்.

நான்கு தலைமுறையாகப் பால்பண்ணை நடத்தும் வீட்டில் அது ஜின்னைவிடக் கேவலம். பக்கத்து ஊரான ஸ்மித்டன் கடையில் முன்பின் தெரியாதவர் அதை எடுத்தால்கூட அவள் கணவன் நெவில் விடமாட்டான். "ஏங்க, சோயாச் செடிக்கு மடி எங்க இருக்கு? எனக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்" என்பான்.

கல்யாணமாகி வந்த அன்றே மாமனார் அவள் முன்னால் ஒரு டம்ளர் பாலை வைத்தார். "குடிம்மா. இந்த வீட்டுல ஒருத்தருக்கும் எலும்பு முறிஞ்சதில்ல" என்றார். குடித்தாள். விடியும்வரை வயிறு பொருமி, முறுக்கி, கழிவறையே கதியென்று கிடந்தாள். கல்யாணக் கேக் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்தாள். அப்புறம் மாலைதோறும் வந்த டம்ளரெல்லாம் சலவைத் தொட்டிக்குப் போயிற்று.

பெரிய பொய்யாக இருந்திருந்தால் என்றைக்கோ அழுது ஒப்புக்கொண்டிருப்பாள். இவ்வளவு சின்னப் பொய்யை எந்த முகத்தோடு எடுத்துச் சொல்வது? அதிலேயே முப்பது வருஷம் ஓடிவிட்டது.

போன மாதம் கொட்டகையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இந்த வீட்டின் முதல் முறிவு. எலும்பு அடர்த்தியைப் பரிசோதித்த டாக்டர், அடுத்த தடவை இடுப்பாக இருக்கலாம் என்றார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

"பால் ஆகாதுன்னா விடுங்க. கால்சியம் சேர்த்த சோயாப் பால் இருக்கு. டப்பா மத்தி மீன முள்ளோட சாப்பிடுங்க. வெயில்ல நடங்க. மாத்திரை நான் எழுதித் தர்றேன். மொதல்ல உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க" என்றார்.

மத்தி மீன், நடை, மாத்திரை எல்லாம் பகிரங்கமாக நடந்தன. சொல்வதுதான் நடக்கவில்லை. நெவில் தன் பங்குக்கு அவள் டம்ளரைப் பெரிதாக்கினான்.

இதோ, இன்றும் இரண்டு டம்ளரோடு வந்துவிட்டான்.

"இந்தா கண்ணு, இப்பத்தான் எடுத்தேன். அடிவரைக்கும் குடிக்கணும்."

"உக்காந்து நீயும் குடியேன்."

"நான் வராந்தாவுக்குப் போறேன். மாடுங்களப் பாத்துக்கிட்டுக் குடிச்சாத்தான் எனக்கு இறங்கும்." வாசல்வரை போனவன் திரும்பினான். "நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வர்றேன். இவ்வளவு பால் குடிக்கிறவளுக்கு எப்படி எலும்பு தேஞ்சுதுன்னு அந்த ஆளையே கேக்கறேன்."

டச்சஸ் என்ற பூனை வயிறு தரையில் உரச அவன் பின்னால் போயிற்று. கால்நடை டாக்டர் சொல்லித் தீனியைப் பாதியாகக் குறைத்தும் அது இளைப்பதாக இல்லை. இந்த வீட்டில் எல்லோருக்கும் உடம்பு ஒட்டுகிறது, எனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள் கிளெனிஸ்.

நாளைக்கு டாக்டர் எப்படியும் சொல்லிவிடுவார். பிறர் வாயால் கேட்டால் நெவில் உடைந்துபோவான். எங்கே தொடங்குவது என்று யோசித்தபடியே சலவைத் தொட்டியில் பாலைக் கவிழ்த்தாள். டம்ளர் கைநழுவித் தரையில் சிதறியது.

நெவில் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. காலியாகிவிட்ட தன் டம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

"விழுந்துட்டியா?"

"இல்ல, டம்ளர்தான்."

"அசையாத, கண்ணாடி குத்தும்." துடைப்பதற்காகப் பழைய துண்டை இழுத்தான். பின்னால் அட்டைப் பெட்டி நின்றது. எடுத்தான். மரண அறிவிப்பைப் படிப்பதுபோலப் படித்தான். "சோயா... கால்சியம் சேர்த்தது. யாரோடது இது?"

"என்னோடதுதான்."

"அப்ப நான் குடுக்கற பால்?"

அவள் தொட்டியைக் காட்டினாள்.

"எல்லாமா?"

"உங்கப்பா குடுத்த மொத டம்ளர மட்டும் குடிச்சேன்."

"அன்னிக்குக் கேக்கு ஒத்துக்கலன்னு சொன்ன?"

"கேக்கு நல்லாத்தான் இருந்துது, நெவில். எனக்குப் பால் ஆகாது. வயித்தக் கொன்னுடும். சொன்னா நீ தாங்கமாட்டியேன்னு..."

அவன் பெட்டியைப் பிடித்தபடி நின்றான். மாடு செத்துக் கிடந்தாலும் இப்படித்தான் நிற்பான். சன்னலுக்கு வெளியே, பசுவின் படம் போட்ட பண்ணைப் பலகை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மாமனாரின் தாத்தா காலத்துப் பலகை அது. அவன் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

நெவில் சன்னலில் எட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். பூட்ஸ் காலால் கதவைத் தள்ளிச் சாத்தினான். பிறகு கையில் இருந்த காலி டம்ளரை அவளிடம் நீட்டினான்.

"எனக்கும் ஊத்து. பூனையால இனிமே முடியாது."