இருபதும் தப்பு

"ஒண்ணுகூடவா சரியாச் சொல்லல? இருபதுல ஒண்ணுகூடவா?"

பள்ளியில் கொடுத்த விடைத்தாளை அவள் சமையல் மேடையில் அறைந்த வேகத்தில் டம்ளர் ஒன்று உருண்டு விழுந்தது.

வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான். "மெதுவாப் பேசு. குழந்தை காதுல விழுது."

"விழட்டும். பெரிசு எது சின்னது எதுன்னே தெரியாதவளுக்கு நாம பேசறது என்ன புரியப்போகுது?"

நாலரை வயதுச் சுண்டு சாப்பாட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கென்று வாங்கிய புது ஷூவின் ஒட்டுப்பட்டையைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

காலையில் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனபோது டீச்சர் ஒரு படப் புத்தகத்தை விரித்து வைத்தார். பக்கத்துக்கு இரண்டு படம். எது பெரியது, எது உயரம், எதில் அதிகம் இருக்கிறது? விரலால் தொட்டால் போதும். சுண்டு இருபது பக்கத்திலும் தொட்டாள். இருபதும் தப்பு.

"இன்னும் ஒரு வருஷம் வீட்டிலேயே இருக்கட்டுமே. ஆனா முடிவு உங்களோடதுதான்" என்று டீச்சர் ஒரு படிவத்தையும் கொடுத்தனுப்பினார். 'இந்த ஆண்டு', 'அடுத்த ஆண்டு' என்று இரண்டு கட்டம். ஒன்றில் டிக் அடித்து, அப்பா அம்மா இருவரும் கையெழுத்துப் போட்டு, நாளைக் காலைக்குள் தரவேண்டும்.

"டீச்சர் சொன்னதுல என்ன தப்பு?" என்றான் கணவன். "ஒரு வருஷம் தள்ளிப் போட்டா குடியா முழுகிடும்?"

"முழுகிடும். பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும்னு பேசினோமா இல்லையா? அதை நம்பித்தான் பல்லைக் கடிச்சிட்டு இருக்கேன். இன்னும் ஒரு வருஷம்லாம் என்னால முடியாது."

"நான் என்ன பேச்சு மாறினேனா? ஒண்ணும் தெரியாத குழந்தையை எப்படி அனுப்பறது?"

"எப்படித் தெரியும்? ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்ணிட்டு வந்து போனுக்குள்ள குடித்தனம் பண்றீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவளோட உட்கார்ந்து நாலு படம் காட்டியிருப்பீங்களா?"

"நீ மட்டும் கிழிச்சியா? லேப்ல ஊரான் ரத்தத்துல என்ன இருக்குன்னு கரெக்டா சொல்றே. பெத்த பொண்ணு மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு தெரியல."

சுருக்கென்று தைத்தது. சுடச்சுடப் பதில் சொல்ல வாயெடுத்தவள், எதற்கோ அந்தத் தாளை மறுபடி பார்த்தாள்.

தப்பு, தப்பு, தப்பு. மேலிருந்து கீழ்வரை சிவப்புக் குறிகள்.

லேபில் இருபது பேருடைய ரத்தமும் ஒரே மாதிரி வந்தால் அவள் ரத்தத்தைச் சந்தேகப்பட மாட்டாள், மெஷினைத்தான் சந்தேகப்படுவாள். பக்கத்துக்கு இரண்டே படம். கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தால்கூட ஏழெட்டாவது சரியாக விழுந்திருக்கும். ஒன்றுகூட விழவில்லை. ஒன்றுமே தெரியாத குழந்தையால் இருபதையும் தப்பாகத் தொட முடியாது. இருபதும் தெரிந்தால்தான் முடியும்.

அவளுக்கு உச்சந்தலைவரை சூடேறியது.

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"என்னத்தை?"

"எல்லாத்தையும் மாத்தித் தொடுன்னு. எப்படியாவது நாளைக் கடத்தணும். அதானே உங்களுக்கு வேணும்?"

"உனக்கென்ன பைத்தியமா? இங்கே இருக்கறது எனக்கு மட்டும் என்ன கொண்டாட்டமா?"

அவள் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். ஒரு முழு பிஸ்கட்டையும் ஓர் உடைந்த துண்டையும் தட்டில் வைத்து, மேஜைக்கு அடியில் நீட்டினாள்.

"பெரிசா இருக்கறதை எடுத்துக்கோ."

சுண்டு முழு பிஸ்கட்டைப் பார்த்தாள். எச்சில் விழுங்கினாள். கை அதன் பக்கம் பாதிவரை போயிற்று. பிறகு திரும்பி, உடைந்த துண்டை எடுத்துக்கொண்டது.

"பார்த்தீங்களா? பார்த்தீங்களா நடிப்பை?" அவள் குழந்தையின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "யாருடி சொல்லிக் குடுத்தது? அப்பாவா? உண்மையைச் சொல்லு!"

"யாரும் சொல்லிக் குடுக்கல!"

சுண்டு கையை உதறினாள். முகம் சிவந்து, மூக்கு விடைத்து, அம்மாவின் கோபத்தை அப்படியே அச்சில் வார்த்த மாதிரி நின்றாள். புது ஷூவைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள்.

"எனக்கு எல்லாம் தெரியும்! யானைதான் பெரிசு. ஒட்டகச்சிவிங்கிதான் உயரம். நான் ஸ்கூல்ல சேர்ந்ததும் அப்பா ஒரு வீட்டுக்கும் நீ ஒரு வீட்டுக்கும் போயிடலாம்னு பேசிக்கிட்டீங்கல்ல? அடுத்த வருஷமும் இருபதையும் தப்பாத்தான் தொடுவேன்!"