மருந்துச் சீட்டில் என் பெயர்

காலையில் பால் காய்ச்சினேன். என் மனைவி ரெஜினாவின் சீருடையைத் தேய்த்து வைத்தேன். என் பெயரில் வாங்கிய மாத்திரையில் ஒன்றைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன். அவள் ராணுவத்தில் கேப்டன்.

"மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குப் போனா ஃபைல்ல ஏறிடும். துப்பாக்கியப் புடுங்கிட்டு என்னைய ஸ்டோர் வேலைல போட்டுருவாங்க" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். அதனால் மாதம் ஒருமுறை நான்தான் டவுனில் மனநல மருத்துவரைப் பார்த்து, அவளுடைய தூக்கமின்மையை என்னுடையதாகச் சொல்லி வந்தேன். கைநடுக்கத்தை நடித்தும் காட்டினேன்.

மாத்திரையை விழுங்கிவிட்டு, "நேத்து டாக்டர் புதுசா என்ன கேட்டாரு?" என்றாள்.

"சாகணும்னு எப்பவாவது தோணுதான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

எனக்குத் தோன்றியதில்லை.

அன்று மாலை அவள் யூனிட்டிலிருந்து இருவர் வந்து, அவள் தன்னை மாய்த்துக்கொண்டதாகச் சொன்னார்கள். ஏதாவது சிகிச்சை எடுத்தாளா என்று கேட்டார்கள். எந்தக் காகிதத்திலும் அவள் பெயர் இல்லை.

அன்று காலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கும்போது, சிரித்தபடிதான் சொன்னாள்: "அடுத்த தடவ அப்படிக் கேட்டா, வீட்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்னு சொல்லுடா."