சிலியா முளைக்காத ஸ்லைடு

லோகேஸ்வரனை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மதியம் அவன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, அதே ஆய்வகத்தில் வேலை செய்யும் நிலானி நுண்ணோக்கியை விட்டு நிமிரவில்லை.

கைனேஸ் என்ற புரதத்தை மருந்தால் முடக்கினால் செல்லில் சிலியா முளைக்காது என்பது நிலானியின் முடிவு. செல்லுக்குள் இருக்கும் சென்ட்ரோசோம் என்ற நுண்ணுறுப்பிலிருந்து முளைக்கும் அந்த ஒற்றை இழையால்தான் செல் தனக்கு வெளியே நடப்பதை உணர்கிறது. அதே சோதனையில் லோகேஸ்வரனுக்குச் சிலியா முளைத்தது. "மருந்த சரியா கலக்கல போல," என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள் நிலானி.

அவளுக்கும் முளைத்திருந்தது. அந்தப் படங்களை அவள் யாருக்கும் காட்டவில்லை. அந்த ஸ்லைடுதான் இப்போது எதிரே இருந்தது. செல்கள் ஃபார்மலினில் செத்து மாதக்கணக்காகிவிட்டது. நுண்ணோக்கியின் திரை முழுக்கப் பச்சைச் சாயம் ஏறிய சிலியா இழைகள். அவனைக் கூப்பிட்டுக் காட்டிவிடலாம் என்றுதான் எடுத்து வைத்திருந்தாள்.

"நிலானி, உனக்கு ஒரு தடவகூட முளைக்கலயா?" என்று அவனே கேட்டான்.

"இல்ல லோகேஸ்," என்று வாய் சொல்லிவிட்டது.

அந்தக் கணமே திரையில் ஓர் இழைகூட இல்லை. செல்கள் மட்டும் அப்படியே இருந்தன.

அவன் வந்து குனிந்து பார்த்தான். "சுத்தமா இருக்கே லா. தப்பு என்மேலதான். அக்கரைக்கு, பட்டர்வொர்த் போற ஃபெரிக்கு நேரமாச்சு, வரேன். மனசுல வச்சுக்காத."

அவளுக்குக் காது மடல்கள் எரிந்தன. அவன் பெட்டியோடு போனான்.

அவள் திரையைத் திரும்பிப் பார்த்தபோது எல்லாச் செல்களிலும் மறுபடி சிலியா இருந்தது. அத்தனையும் அவன் போன கதவுப் பக்கமாகச் சாய்ந்திருந்தன.