இரண்டாவது மாடியில் நின்றுவிடும் காலடி

இருமல் எப்போதிலிருந்து என்று டாக்டரம்மா அவள் கணவனைத்தான் கேட்டார்.

அவன் முகமூடி வழியாக மருந்தை இழுத்துக்கொண்டிருந்தான். பேச முடியவில்லை. அவள் முந்திக்கொண்டு, அவன் புதுப் பட்டறையில் சேர்ந்த மாதத்திலிருந்து என்றாள்.

அந்த மாதத்தை அவளால் மறக்க முடியாது. இரண்டாவது மாடிக்கு அந்தத் தையல்காரி தனியாகக் குடிவந்ததும் அதே மாதம்தான்.

கணவன் அலமாரி செய்கிற தச்சன். புதுப் பட்டறையில் நாள் முழுக்க மெஷினில் பலகை அறுப்பார்கள். மாவு மாதிரி தூள் பறக்கும். அந்தத் தூள் படிந்த சட்டைகளை அவள் தினமும் உதறித் துவைத்தாள். ஆனால் தூளை அவள் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. அவள் தேடியது வேறொருத்தியின் தலைமுடியை.

இரவில் விழித்துக்கொள்வாரா என்று அடுத்த கேள்வி வந்தது.

விழிப்பான். விடிவதற்கு முன் எழுந்து பால்கனியில் போய் உட்காருவான். யாருக்குப் போன் என்று அவள் தூங்குவதுபோலப் படுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். பேச்சே இருக்காது. மெல்லிய விசில் சத்தம் மட்டும் கேட்கும். இந்த வயதில் யாருக்கடா விசில் என்று ஒருநாள் அவன் குளிக்கப் போன நேரம் பால்கனியிலிருந்து கீழே எட்டிப் பார்த்தாள். நேர் கீழே, இரண்டு மாடி தள்ளி, தையல்காரியின் ஜன்னல்.

டாக்டரம்மாவிடம் விசிலை மட்டும் சொன்னாள்.

சிரித்தால் இருமல் வருமா?

வரும் என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. முன்பெல்லாம் அவள் வாயைத் திறந்தாலே விழுந்து விழுந்து சிரிப்பவன், கொஞ்ச நாளாக உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். என் பேச்சு புளித்துவிட்டது, சிரிப்பையெல்லாம் எங்கேயோ கொட்டிவிட்டு வருகிறான் என்று அவள் குமைந்தாள்.

வாசனை ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போகிறதா?

அவள் கொஞ்சம் தயங்கினாள். அவனைத் தன் பக்கம் இழுக்கவென்றே விலை கொடுத்து ஒரு சென்ட் வாங்கியிருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனால் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பான். அப்படியா சேதி என்று மறுநாள் இன்னும் கூடுதலாக அடித்துக்கொள்வாள்.

லீவு நாட்களில் எப்படி இருப்பார் என்பதற்கும் பதில் இருந்தது. இருவருமாக அவன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த வாரம் அவன் இருமவே இல்லை. அவளிடம் குழைந்து குழைந்து பேசினான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அந்தப் பாசத்தையும் அவள் சந்தேகக் கணக்கில்தான் சேர்த்தாள்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்த மாதிரி சொல்றீங்களேம்மா. இப்படி ஒருத்தர் சொன்னா எங்க வேலை பாதி முடிஞ்சிடும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்று மாலையும் அந்த விளக்கெண்ணெய்க் கண்ணோடுதான் நான்காவது மாடிப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்தபடி காத்திருந்தாள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. தினமும் அவன் காலடி ஏறி வரும், இரண்டாவது மாடியில் நின்றுவிடும், நெடுநேரம் கழித்துத்தான் மேலே வரும். இன்று வரவே இல்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள்.

தையல்காரியின் கதவு சாத்தியிருந்தது. அவன் படியில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் காதுவரை ஏறி இறங்கியது. கழுத்துக்குழி உள்ளே இழுத்தது.

இங்கே என்ன வேலை என்று கேட்டாள். ஒரு சொல் சொன்னான், நிறுத்தினான், இன்னொரு சொல்லுக்கு வாயைத் திறந்தான். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிப்பதைப் பார் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம்தான் அவன் உதட்டைப் பார்த்தாள். நீலம் பாரித்திருந்தது.

எந்தக் கதவைச் சபித்துக்கொண்டிருந்தாளோ அதையே இரண்டு கையாலும் தட்டினாள்.

தையல்காரி கழுத்தில் டேப்போடு வெளியே வந்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யார் இவர், எந்த மாடி என்று கேட்டாள். கேட்டபடியே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். அவள் கணவனைச் சாய்த்துப் படுக்கவைக்கப் போக, வேண்டாம், நிமிர்ந்தே உட்காரட்டும் என்று போனில் சொன்னார்கள்.

அந்த நேரத்திலும் அவளுக்குச் சுருக்கென்றது. என் புருஷனை இவளுக்குத் தெரியக்கூடத் தெரியாதா?

ஆஸ்துமாவாகத்தான் தெரிகிறது, மூச்சு நிதானப்பட்டதும் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. ராத்திரி இருமலுக்கும் விசிலுக்குமே வந்திருக்க வேண்டும், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் போனாலோ உதடு நீலமானாலோ ஒரு நிமிடம்கூடப் பொறுக்கக் கூடாது என்றார். தினமும் இரண்டாவது மாடியில் அவன் காலடி நின்றுவிடும் என்று அவள் சொன்னதும், டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார். தினமும் இப்படி மூச்சு வாங்கியும் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம் என்று கடிந்துகொண்டார்.

அவன் முகமூடியைக் கீழே இறக்கினான்.

"மேல கைப்பிடியில இவ கை தெரியும் டாக்டர். எனக்காக தினமும் வந்து நிப்பா. இளைச்சுக்கிட்டே போனா பயந்துடுவாளேன்னு, மூச்சு அடங்குற வரைக்கும் அங்கேயே உக்காந்துடுவேன்."

நடுவில் எங்கும் நிற்காமல் சொல்லி முடித்தான். டாக்டரம்மா திருப்தியோடு தலையாட்டினார்.

அவன் அவள் கையைத் தேடினான். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.