பயில்வானுக்கு வேர்க்குது

"இந்த நேரத்துலகூட உங்க உடம்பைப் பத்திப் பெருமை பேசணுமா?"

ஆய்வாளர் அம்மாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

வராமல் என்ன செய்யும்? ஐஸ்கிரீம் கிடங்கின் குளிர் அறைக்குள் அவரும், ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் பயில்வானும் வசமாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். கதவு இறுகிக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடியோ, பயில்வான் இழுத்த இழுப்பில் கையோடு வந்துவிட்டது.

அபாய மணியை அடித்தாயிற்று. "மெக்கானிக் வந்துக்கிட்டே இருக்கார், பயப்படாதீங்க!" என்று வெளியிலிருந்து குரலும் வந்தாயிற்று. கதவுதான் அசையவில்லை.

தரம் பார்க்க வந்த ஆய்வாளர் அம்மா, 'எட்டிப் பார்த்துட்டு வரப்போறேன், கோட் எதுக்கு?' என்று வெறும் சேலையோடு உள்ளே நுழைந்தவர். இப்போது பல் தந்தியடித்தது. வாயைத் திறந்தால் புகை வந்தது.

"எனக்கு வேர்க்குது மேடம்," என்று பயில்வான் தன் கோட்டைக் கழற்றினார். "இதைக் கொஞ்சம் பிடிங்க."

"நான் என்ன கோட் மாட்டுற ஆணியா?"

"கையில வச்சிருந்தா கனக்கும். நீங்களே மாட்டிக்குங்க."

மாட்டிக்கொண்டார். குளிருக்கு முன்னால் கௌரவம் பார்க்க முடியுமா?

அரைக்கைச் சட்டையோடு நின்ற பயில்வான் கையை மடக்கிக் காட்டினார். "தசைக்குள்ள ஒரு புரதம் இருக்கு மேடம், பம்ப் மாதிரி. சில சமயம் அது சும்மாவே ஓடிக்கிட்டு இருக்கும். உருப்படியா ஒரு வேலையும் நடக்காது. சூடு மட்டும் வரும்."

"உங்களை மாதிரியேன்னு சொல்லுங்க."

பயில்வான் கோபப்படவில்லை. சிரித்தார். "போதாததுக்குக் காலையில கொழுப்பைக் கரைக்கிற கேப்சூல் வேற போட்டிருக்கேன்."

"இன்னும் கரையல போலிருக்கே!"

"அது உள்ள போய் உசுப்பி விட்டா அவ்வளவுதான் மேடம். உடம்பு கொதிக்க ஆரம்பிச்சிடும்."

"கொதிக்கிறது மட்டுமா? நெஞ்சையும் போட்டு உலுக்கும். எத்தனை பேர் அதுல விழுந்திருக்காங்க தெரியுமா?"

"நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது மேடம்!"

சொல்லிவிட்டு, குளிர்காற்றை அடிக்கும் விசிறிக்கு நேர் முன்னால் போய் அகலமாக நின்றுகொண்டார். அங்கேயே உட்கார்ந்து எழுந்தார்.

"ஷோ காட்டினது போதும். தள்ளி நில்லுங்க."

"நீங்களும் உட்கார்ந்து எந்திரிங்க மேடம். தசை வேலை செஞ்சாதான் சூடு வரும்."

"என் முழங்கால் என்னத்துக்கு ஆகும்?"

"பாதி உட்கார்ந்தா போதும். எங்க... ஒண்ணு!"

இத்தனை வருட உத்தியோகத்தில் ஆய்வாளர் அம்மாவை யாரும் தோப்புக்கரணம் போட வைத்ததில்லை. திட்டிக்கொண்டே போட்டார். திட்டத் திட்ட உடம்பில் லேசாகச் சூடு ஏறியது. மரத்துப்போன விரல்கள் மறுபடி மடங்கின.

மனசு கேட்காமல் கோட்டைக் கழற்றப் போனார். "நீங்க கொஞ்ச நேரம் போட்டுக்குங்க."

"ஐயையோ, அதைப் போட்டா அவிஞ்சு போயிடுவேன்!"

பயில்வான் ஓரிடத்தில் நிற்கவேயில்லை. குதித்தார். உரக்கப் பாடினார். தன் புஜத்தைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

'என்ன தலைக்கனம்! வெளியே போனதும் முதல் வேலையா மேனேஜரிடம் சொல்லணும்' என்று ஆய்வாளர் அம்மா மனதுக்குள் முடிவு கட்டினார்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. முதல் ஆளாக ஓடிவந்தவர் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் பயில்வானின் மனைவி. கணவரின் கையைத் தொட்டதும் பதறிப்போய், பரபரவென்று தேய்த்துவிட ஆரம்பித்தார். அதுவரை ஓயாமல் பேசிய பயில்வானுக்கு இப்போது வாயைத் திறக்கவே முடியவில்லை.

"உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்கம்மா," என்றார் ஆய்வாளர் அம்மா. "கண்ட கேப்சூலையும் முழுங்கிட்டு, உள்ள ஒரே அலட்டல்!"

"கேப்சூலா? படபடப்பு வருதுன்னு டாக்டர் போட்ட சத்தத்துல, அதைப் போன வருஷமே குப்பையில கொட்டியாச்சே!"

"அப்புறம் எப்படிம்மா... வேர்க்குதுன்னாரே?"

"வேர்க்குதா? இவருக்கா?" மனைவிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "ஃபேன் மெதுவா சுத்தினாலே ரெண்டு போர்வை கேக்குற ஆளு மேடம் இவரு!"