காக்கா எச்சம் தாங்குமா?

"இது மேல காக்கா எச்சம் போட்டா என்னாகும், தங்கச்சி?"

நவமணி கேட்ட கேள்விக்கு, கொம்தார் கட்டடத்துக் கம்ப்யூட்டர் கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். லேப்டாப்பைத் துடைத்துக்கொண்டிருந்த கடைப்பெண் ரொஸ்னா, துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் புருசன் நல்லமுத்துவுக்கு மானம் போனது.

"ஆபீஸ்ல வச்சு வேலை செய்யற சாமான் இது. ஏர்கோன் ஓடுற இடத்துல காக்கா எங்கேருந்து வரும்?"

"ஜன்னலு திறந்து கிடந்தா வரும் லா."

"ஏர்கோன் ஓடுறப்ப எவன் ஜன்னலைத் திறப்பான்?"

இதில் சங்கதி என்னவென்றால், அந்த ஏர்கோனும் கிடையாது, ஜன்னலும் கிடையாது, ஆபீஸே கிடையாது.

நம்ம நாட்டு வெள்ளிப் பணத்தின் மதிப்பு சரிந்த வருசம் அது. கப்பல் சரக்குக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நல்லமுத்துவை, கையில் கொஞ்சம் நட்ட ஈட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மனுசன் வீட்டில் மூச்சு விடவில்லை. எப்போதும்போல டை கட்டி, சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, காலையில் டத்தோ கிராமாட்டில் பஸ் ஏறிவிடுவார். சாயங்காலம் களைத்துப்போய் வருவார். நட்ட ஈட்டில் கிள்ளிக் கிள்ளிச் சம்பளம் என்று கொடுப்பார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பொய் சொல்லப் போன இடத்தில் ருசி கண்டுவிட்டது. போன மாசம் ஒருநாள் வந்து, "இனிமே நான் அசிஸ்டன்ட் மேனேஜர்" என்று சொல்லிவிட்டார். நவமணி பாயசம் காய்ச்சி வரிசை வீடு முழுக்கக் கொடுத்தாள். இவரும் வெட்கமில்லாமல் ரெண்டு கிளாஸ் குடித்தார். அடுத்த வாரம், சொன்ன பேச்சு கேட்காத ஒரு கிளார்க்கை வேலையை விட்டே தூக்கப் போவதாகக் குதித்தார். இல்லாத கிளார்க்குதான். "பாவங்க, புள்ளகுட்டிக்காரனா இருப்பான், மன்னிச்சு விட்டுடுங்க" என்று நவமணி கெஞ்சியதால், பெரிய மனசு பண்ணி அவனை விட்டுவைத்தார்.

"மேனேஜர்னா லேப்டாப் வேணாமா?" என்று நவமணி அப்போது பிடித்த பிடிதான், இன்றைக்கு இந்தக் கடையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. கூட்டுச் சீட்டு போட்டுச் சேர்த்த பணம் அவள் கைப்பையில் இருந்தது. வேண்டாம் என்றால் குட்டு உடையும். வாங்கினால், அடுப்பு எரிய வேண்டிய காசு இல்லாத ஆபீசுக்குப் போகும்.

ரொஸ்னா பெரிதாக ஒன்றை எடுத்து வைத்தாள். "புதுசு, அக்கா. பெரிய ஸ்கிரீன்."

நவமணி அதைப் பையில் போடச் சொல்லிப் புருசன் தோளில் மாட்டினாள். "நடந்து பாருங்க."

"எதுக்கு?"

"நடங்களேன்."

அசிஸ்டன்ட் மேனேஜர், கடைக்குள் அலமாரிக்கும் அலமாரிக்கும் நடுவே நடந்து காட்டினார்.

"கனம். சின்னதா ஒண்ணு காட்டும்மா. உழைக்கணும், விலையும் அடங்கி வரணும்" என்றாள் நவமணி.

"அப்படின்னா இது. செகண்ட் ஹேண்டுதான், ஆனா கட்டை மாதிரி இருக்கும். முன்னாடி வச்சிருந்தவரு கட்டட இன்ஜினியரு. அந்தத் தூசியிலேயே கிடந்தது, ஒண்ணும் ஆகலை."

நல்லமுத்துவுக்கு வழி கிடைத்துவிட்டது. "பழசா? மேனேஜர் பழசைத் தூக்கிட்டுப் போனா ஆபீஸ்ல சிரிக்க மாட்டானா?"

"சிரிக்கிறவனை வேலையை விட்டுத் தூக்கிடுங்க" என்றாள் நவமணி. "பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும், தங்கச்சி?"

"ரெண்டு மணி நேரம். பிளக்கு போட்டா நாள் பூரா ஓடும்."

"பிளக்கு இல்லாட்டி?"

"பிளக்கு இல்லாத ஆபீஸ் எங்கேக்கா இருக்கு?" ரொஸ்னா சிரித்தாள். நல்லமுத்துவும் கூடச் சிரித்துவைத்தார்.

"இன்னொரு பேட்டரி சேர்த்துக் குடு. வெயில்ல எழுத்து தெரியுமா? மணல் பூந்தா? கடல் காத்துக்குத் துரு பிடிக்காதே?" நவமணி அடுக்கிக்கொண்டே போனாள்.

"அண்ணே, நீங்க மேனேஜரா, மீன் பிடிக்கிறவரா?"

நல்லமுத்து அவசரமாகக் குறுக்கிட்டார். "கடல் காத்து எங்கடி வந்துச்சு?"

"உங்க ஆபீஸ் துறைமுகத்துக்குப் பக்கத்துலதானே இருக்கு?"

"ஆ… ஆமா, ஆமா." போன உயிர் திரும்பி வந்தது.

"இதுல பூக்கடைக் கணக்குப் போடலாமா?" என்று ரொஸ்னாவிடம் கேட்டாள் நவமணி.

"மேனேஜருக்கு எதுக்குப் பூக்கடைக் கணக்கு?" என்றார் நல்லமுத்து.

"நம்ம பூக்கடை புஷ்பவள்ளி அக்கா கணக்கு எழுத ஆள் தேடுறாங்க. இன்னும் ரெண்டு கடைக்காரங்களும் ஆள் கேட்டிருக்காங்க. மேனேஜருக்குத்தான் வேலை கம்மியாச்சே, நடுநடுவுல செஞ்சு குடுங்களேன்."

பதிலுக்குக் காத்திராமல் காசை எடுத்துக் கொடுத்தாள். வாங்கியாகிவிட்டது.

வெளியே வந்ததும் நல்லமுத்து வெடித்தார்.

"உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்! வெயிலாம், மணலாம், காக்காவாம்! ஒரு அசிஸ்டன்ட் மேனேஜர் பொண்டாட்டி பேசுற பேச்சா இது?"

நவமணி கைப்பையிலிருந்து தடித்த துண்டு ஒன்றை எடுத்து, நாலாக மடித்து, லேப்டாப் பைக்குள் செருகினாள்.

"இது வேற எதுக்கு?"

"பாடாங் கோத்தா கடற்கரையில, அந்த மரத்தடி சிமெண்டு பெஞ்சு மத்தியானத்துல சுடும்ங்க. இதைப் போட்டு உட்காருங்க."